கலியாண வீட்டுக் கமராவும் எங்கள் பெண்களும்

ஆவணி மாதத்து நல்ல நாளொன்றில் காலையில் மருதனார்மடம் சந்தியில் சிறிது நேரம் நின்று பாருங்கள். சந்தைக்கு மரக்கறி கொண்டு வருவோரும் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போவோருமாக நிறைந்திருக்கும் காங்கேசன்துறை வீதியில், பூச்சோடித்த கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அவற்றுக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் போகும். பின்னால் இருக்கும் இளைஞர் காரைப் பார்த்துத் திரும்பியிருந்து வீடியோ எடுத்துக்கொண்டு போவார். கலியாண வீட்டில் ஐயருக்கு அடுத்தபடியாக எல்லோரும் சொற்கேட்பது இவர்களுக்குத்தான். "மாப்பிள்ளை, கொஞ்சம் இங்காலை பாருங்கோ", "அன்ரி, அறுகரிசியை இன்னொருக்காப் போடுங்கோ" என்றால் பெரியவர்களும் மறுபேச்சின்றிச் செய்வார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணை நான் கண்டது மிகக் குறைவு. பலகாரம் சுடுவது, மாலை கட்டுவது, பொம்பிளை வெளிக்கிடுத்துவது, கூறைக்குச் சட்டை தைப்பது என்று கலியாணத்தைச் சுற்றியுள்ள தொழில்களில் எங்கள் பெண்கள் நிறையவே இருக்கின்றனர். ஆனால் கமரா மட்டும் எப்படியோ ஆண்களின் கையில் நின்றுவிட்டது. அது ஏன், அதை மாற்ற முடியுமா என்ற கேள்விகளுடன்தான், மருதனார்மடத்துக்கு அருகே ஒரு வீட்டு விறாந்தையில் ஞாயிறு பின்னேரங்களில் கூடும் சில பெண்களைச் சந்திக்கப் போனேன். அவர்கள் எவரும் தங்கள் பெயரைப் போட விரும்பவில்லை. ஆனால் தாம் கற்றதைச் சொல்லப் பின்நிற்கவில்லை.

ஒரு படத்தின் பெறுமதி

கலியாணப் படம் வசதியுள்ளவர்களின் ஆடம்பரம் என்று சிலர் நினைக்கலாம். யுத்தத்துக்குள் வாழ்ந்த எங்களுக்கு அது அப்படியல்ல.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, பலர் கொண்டுபோன பையில் இரண்டு உடுப்பும் பிள்ளையின் பால்மாவும்தான் இருந்தன. அல்பம் பாரமானது. அதை வீட்டில் விட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்தபோது வீடே இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26 கடற்கோள் கரையோரக் குடும்பங்களின் படங்களை வாரிக்கொண்டு போனது. 2009 இல் வன்னியிலிருந்து வெளியேறியவர்களிடம் அல்பம் இருந்ததா என்று கேட்பதே கொடுமை.

தப்பி வந்த படங்கள் பின்பு என்னென்ன வேலை செய்தன என்பதை என் தொழிலில் நான் பார்த்து வருகிறேன். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அத்தகைய போராட்டங்களில் கைகளில் ஏந்தப்படும் படங்களைக் கூர்ந்து பாருங்கள். சில முகங்களுக்குக் கீழே பட்டுச் சால்வையின் கரை தெரியும். கழுத்தில் மாலையின் ஒரு துண்டு தெரியும். கலியாணப் படத்திலிருந்து வெட்டிப் பெருப்பித்த முகங்கள் அவை. 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்குக் கோவையைச் சுமந்து போன ஒரு தாயிடம், மகனின் படமென்று இருந்தது அது ஒன்றுதான்.

வெளிநாட்டில் உள்ள கணவனிடம் போக விசாவுக்கு விண்ணப்பிக்கும் பெண்ணிடமும் திருமணம் உண்மையானது என்பதற்குச் சான்றாகப் படங்கள் கேட்கப்படுகின்றன. இப்படி, அன்று மகிழ்ச்சிக்காக எடுத்த படம் பின்னொரு நாளில் ஆவணமாகி விடுகிறது. ஆகவே அதை எடுப்பவரின் வேலை பொறுப்பு மிகுந்த வேலை.

தொழில் எப்படிப் பூட்டப்பட்டது?

முன்பு இத்தொழிலை ஸ்ரூடியோவில்தான் படிக்க வேண்டும். ஒரு பையன் கடை கூட்டவும் லைற் பிடிக்கவும் சேருவான். ஒரு சுருள் பிலிமில் 36 படங்கள். அதில் ஒன்றைப் பழகுபவன் வீணாக்கினாலும் முதலாளிக்கு நட்டம். ஆகவே கமராவைக் கையில் வாங்கவே அவனுக்கு வருடங்கள் செல்லும். எடுத்த படம் சரியா பிழையா என்பதும் இருட்டறையில் கழுவிய பின்னர்தான் தெரியும். 1990 முதல் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை என்று வந்தபோது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலத்தில், ஒரு பிளாஷ் வெளிச்சமும் விலைமதிப்பற்றதாக இருந்தது. இவ்வளவு அருமையாகக் கிடைத்த அறிவை எவரும் இலேசில் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள். இது தனிமனிதரின் சுயநலம் மட்டுமல்ல. பொருள் தட்டுப்பாடு அறிவையும் பதுக்க வைக்கிறது.

பெண்களுக்கோ அந்த வாசலும் இருக்கவில்லை. இருட்டறையில் அந்நிய ஆணுடன் வேலை, இரவில் வீடு திரும்புதல், மோட்டார் சைக்கிளில் ஊரூராகப் போதல் என்று தடைகள் நிறைய. ஆனால் ஸ்ரூடியோக்காரரின் மனைவிமார் வீட்டிலிருந்து படம் வெட்டி, அல்பத்தில் ஒட்டி, கணக்கும் பார்த்த கதைகள் பல உண்டு. கடைப் பலகையில் அவர்களது பெயர் இல்லை.

இது எங்கள் ஊரில் மட்டும் நடந்ததல்ல. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் எனப்படும் ஹோமாய் வியாரவல்லா (1913–2012) தமது கணவர் மானெக்‌ஷாவிடம் தொழிலைக் கற்றவர். அவர் எடுத்த ஆரம்பகாலப் படங்கள் கணவரின் பெயரிலேயே வெளிவந்தன. மறுபுறத்தில், பெண்ணின் கை தேவைப்பட்ட இடங்களும் இருந்தன. அந்நிய ஆண்கள் முன் வராத பெண்களுக்கென்று ஐதராபாத்தில் லாலா தீனதயாள் 1892 இல் தனி ஸ்ரூடியோ திறந்தபோது அதை நடத்தியவர் ஒரு பெண்மணி. கல்கத்தாவில் அன்னபூர்ணா தத்தா என்பவர் வீடுவீடாகச் சென்று பெண்களைப் படம் எடுத்து அதையே தொழிலாகக் கொண்டார்.

இன்றும் அந்தத் தேவை இருக்கிறது. பொம்பிளை வெளிக்கிடும் அறைக்குள் ஆண் படப்பிடிப்பாளர் போக முடியாது. கூறை உடுத்தும் நேரம், தாய் மகளின் தலையில் பூ வைக்கும் நேரம், தோழிகள் பகிடி பண்ணும் நேரம் எல்லாம் பதியப்படாமலே போகின்றன. சாமத்தியச் சடங்கிலும் பெண்பிள்ளையின் பெற்றோர் பலர் ஒரு பெண் வந்து எடுத்தால் நல்லது என்றே எண்ணுகின்றனர்.

விறாந்தையில் நடக்கும் வகுப்பு

டிஜிற்றல் கமரா வந்தபின் பிழை விடுவதற்கான செலவு இல்லாமல் போய்விட்டது. நூறு படம் பிழைத்தாலும் அழித்துவிட்டு நூற்றியோராவதை எடுக்கலாம்; பிழையை உடனேயே திரையில் பார்க்கலாம். பெண்களுக்கு இந்தக் கதவு திறந்தது இதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

இந்த விறாந்தையில் ஆறேழு பேர் கூடுகின்றனர். இருவர் கணவனை இழந்தவர்கள். ஒருவரின் கணவர் எங்கே என்று தெரியாது. ஒருவர் ஸ்ரூடியோ ஒன்றில் கணினியில் அல்பம் வடிவமைத்தவர். மூத்தவர் ஒரு சாமத்திய வீட்டில் தற்செயலாகக் கமரா தூக்கி, பின் அதையே தொழிலாக்கியவர். எல்லோருக்கும் பொதுவாக இரண்டு கமராக்கள்.

வகுப்பு தொடங்கும் முறை எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொருவரும் முதலில் கடைசியாகத் தாம் விட்ட பிழையைச் சொல்ல வேண்டும். நான் போன அன்று ஒரு தங்கை தலை குனிந்தபடி தொடங்கினார்.

"அக்கா, நான் காட்டை அழிச்சுப் போட்டன். முதல்நாள் சாமத்திய வீட்டுப் படம் அதிலைதான் கிடந்தது."

எவரும் ஏசவில்லை. மூத்தவர், "அழிச்ச பிறகு அதிலை புதுசா ஏதும் எடுத்தனியா பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும், "அப்ப பயப்படாதை" என்றார். காட்டை அழித்தாலும் அதன்மேல் புதிதாகப் பதியாதவரை, மீட்டெடுக்கும் மென்பொருளால் பெரும்பாலும் படங்களைத் திரும்பப் பெறலாம். அன்று அவர்கள் ஓர் ஒழுங்கை எழுதி வைத்தனர். படங்களை இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி செய்து, இரண்டையும் திறந்து பார்த்த பின்னர்தான் காட்டை அழிக்க வேண்டும். ஒருவர் விட்ட பிழை ஆறு பேருக்குப் பாடமாயிற்று.

அன்று நான் கேட்டறிந்த வேறு சிலவற்றையும் தருகிறேன். தாலி கட்டும் கணம் சில விநாடிகள்தான். எங்கள் வழக்கில் மாப்பிள்ளை எழுந்து பொம்பிளையின் பக்கம் வந்து நின்று கட்டுவார். கெட்டிமேளம் கேட்டதும் சுற்றமெல்லாம் எழுந்து முன்னால் வந்துவிடும். ஆகவே ஐயரிடம் முன்கூட்டியே, "எந்தப் பக்கம் நிற்பார்கள்?" என்று கேட்டு, கன்னிகாதானம் முடியும்போதே இடம் பிடிக்க வேண்டும். ஷட்டர் வேகம் 125இல் ஒரு விநாடிக்குக் கீழே இறங்கினால் முடிச்சுப் போடும் கை கலங்கிவிடும். பிளாஷை நேராக முகத்தில் அடித்தால் நகை மின்னி முகம் வெளிறும். வெள்ளைச் சுவரிலோ கூரையிலோ பட்டுத் திரும்ப விட வேண்டும். பந்தலில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் திரும்பி வரும் வெளிச்சமும் சிவந்துவிடும். இரண்டு பேர் எடுப்பதாயின், போகமுன் இரண்டு கமராக்களின் மணிக்கூட்டையும் ஒரே நேரத்துக்கு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அல்பம் செய்பவர் பொன்னுருக்கல் எது, ஆராத்தி எது என்று தேடிக் களைத்துப் போவார்.

கற்பிக்கும் மொழி

"துவாரம், வேகம், கோணம் எல்லாம் எங்களுக்கு விளங்குமோ?" என்று கேட்கும் சகோதரிகளுக்கு ஓர் உண்மைச் சம்பவம். இன்றைய தெலுங்கானாவில் சகீராபாத்துக்கு அருகே பஸ்தாபூர் என்ற ஊர். அங்கே தக்காண அபிவிருத்திச் சங்கத்தைச் சேர்ந்த தலித் பெண் விவசாயிகள் 1990களின் இறுதியில் வீடியோ எடுக்கப் பழகினார்கள். அவர்களில் பலருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. கமராக் கோணங்களுக்கு அவர்கள் தாங்களே பெயர் வைத்தார்கள். மேலிருந்து கீழே பார்க்கும் கோணம் பட்டேல் கோணம். நிலச்சொந்தக்காரன் அப்படித்தானே பார்ப்பான். கீழிருந்து அண்ணாந்து பார்ப்பது அடிமைக் கோணம். கண்ணுக்கு நேரே பார்ப்பது சங்கக் கோணம். சங்கத்தில் எல்லோரும் சமமாக அமர்வதால் அந்தப் பெயர். குஜராத்தில் சேவா அமைப்பின் பெண்கள் 1984 இலேயே வீடியோ பழகினர். அவர்களில் மரக்கறி விற்றவரும் இருந்தார்.

இந்தக் கதையை விறாந்தையில் சொன்னபோது மூத்தவர் சிரித்தார். "நாங்களும் அதைத்தான் சொல்லுறம். மணவறையிலை இருக்கிற பொம்பிளையை நிண்டபடி எடுக்காதையுங்கோ, முழங்காலிலை இருந்து எடுங்கோ எண்டு."

மருதனார்மடத்துக்கு இந்த முறை புதிதல்ல. சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்பிள்ளைகளுக்கென 1913 இல் தொடக்கிய கல்லூரி இங்கேதான் இருக்கிறது. நுண்கலை வளாகத்தில் இசையும் நடனமும் குருவுக்கு எதிரே அமர்ந்து பார்த்துப் பார்த்துத்தான் கற்கப்படுகின்றன. கண்ணால் பார்த்துக் கையால் பழகும் தொழிலுக்கு அதுவே ஏற்ற வழி.

"இந்த வயதில் இனி என்னத்தைப் படிக்கிறது" என்பவர்களுக்கும் ஒன்று சொல்லலாம். உலகப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலேயப் பெண்மணிக்கு மகள் முதன்முதலாகக் கமரா பரிசளித்தபோது வயது 48. அவர் தமது இறுதிக் காலத்தை எங்கள் நாட்டின் மலையகத்தில் கழித்து 1879 இல் காலமானார். பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார்.

சொல்லிக் கொடுத்தால் பிழைப்புப் போகாதா?

இந்தக் கேள்வியை நான் நேராகவே கேட்டேன். "இண்டைக்குச் சொல்லிக் குடுத்தால் நாளைக்கு அவள் உங்கடை ஓடரை எடுத்திட மாட்டாளோ?"

அவர்களின் பதில் கணக்கோடு வந்தது. ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை. மிச்ச மாதங்களிலும் நல்ல முகூர்த்தம் சில நாட்களில்தான் வரும். ஊரிலுள்ள கலியாணமெல்லாம் அந்தச் சில நாட்களில்தான். ஒருத்தி அன்று ஒரு வீட்டுக்குத்தான் போக முடியும். இரண்டாவதாகக் கேட்டு வந்தவருக்கு இல்லை என்று சொன்னால், அவர் வேறிடம் போய்விடுவார், திரும்பி வரமாட்டார். "என்ரை தங்கச்சி வருவா, நான் பழக்கினவ" என்று சொன்னால் அந்த வீடு கையில் நிற்கும். அதுபோக, ஒரு முழுக் கலியாணத்தை ஒருவர் தனியாக எடுக்க முடியாது. ஒருவர் மணவறையில் நிற்க, இன்னொருவர் பெற்றோரின் முகத்தைப் பார்க்க வேண்டும். பழக்கிய ஆள் இல்லாவிட்டால் நட்டம் பழக்காதவருக்குத்தான்.

ஆகவே அவர்கள் சில ஒழுங்குகளை வைத்திருக்கின்றனர். பழகுபவர் முதலில் இரண்டாவது கமராவுடன் போவார்; சும்மா அல்ல, சிறு கூலியுடன். கைமாற்றிவிடும் ஓடர் முறைவைத்துப் போகும். கமரா வாங்க நுண்கடன் எடுப்பதில்லை. கிழமைக் கிழமை தவணை கட்டத் தொழிலோ கிழமைக் கிழமை வருவதில்லை. அந்தக் கடனால் எங்கள் பெண்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். கலியாணம் இல்லாத மாதங்களில் அல்பம் வடிவமைப்பு, பிறந்தநாள், பழைய படங்களுக்குப் பிரதி எடுத்தல் என்று வேலையைப் பிரித்துக்கொள்கின்றனர். வீட்டாரின் அனுமதியின்றி ஒரு பெண்ணின் படத்தையும் முகநூலில் போடுவதில்லை என்பது அவர்களின் கண்டிப்பான விதி.

மணவறைக்கு முன்னால் யார் நிற்பது?

இனி எழுதுவதற்குச் சற்றுத் தயங்கினேன். கணவனை இழந்த ஒரு சகோதரி முதன்முதல் இரண்டாவது கமராவுடன் போன வீட்டில் அவரை அறிந்த ஓர் அம்மா இருந்தார். தாலிகட்டு நெருங்கும்போது அந்த அம்மா மெதுவாக வந்து, "பிள்ளை, குறை நினையாதை. இந்த நேரம் கொஞ்சம் பின்னுக்கு நில்லன்" என்றாராம்.

"நான் பின்னுக்குப் போட்டன் அக்கா. படம் எடுக்கேல்லை. கமராவைக் கீழை வைச்சிட்டுக் குசினிப் பக்கம் போய் நிண்டன்."

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. மற்றவர்கள் அவர் வீட்டுக்குப் போனார்கள். நீண்ட நேரம் கதைத்துவிட்டு முடிவொன்றுக்கு வந்தார்கள். ஓடர் எடுக்கும்போதே, யார் எடுக்க வருகிறார்கள் என்பதைப் பொம்பிளையின் தாயிடம் சொல்லிவிடுவது. ஆனால் அவருக்குக் கணவன் உண்டா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. அது படப்பிடிப்புக்குத் தேவையான தகவல் அல்ல. அதற்காக ஓடர் போனால் போகட்டும்.

இரண்டு ஓடர் போனதாகச் சொன்னார்கள். ஆனால் வேறொரு வீட்டில் பொம்பிளையே அந்தச் சகோதரியைப் பார்த்து, "அக்கா, உங்களுக்கு மறைக்குது, முன்னுக்கு வாங்கோ" என்று கூப்பிட்டாள். அவளுடைய தாயும் கணவனை இழந்தவர். அன்று அந்தச் சகோதரி எடுத்த தாலிகட்டுப் படத்தை எனக்குக் காட்டினார். படத்தின் ஓரத்தில், தூணருகே, தாய் நிற்கிறார். அந்த இடத்தில் தாய் நிற்பார் என்று தெரிந்து பார்த்தபடியால்தான் அந்த முகம் படத்தில் விழுந்திருக்கிறது.

நிலைமை மாறிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். இன்றும் சில வீடுகளில் அவர் தாமாகவே ஒதுங்கி நிற்கிறார். ஆனால் இப்போது கமராவைக் கீழே வைப்பதில்லை.

வாசிக்கும் சகோதரிகளுக்கு

உங்கள் வீட்டில் ஒரு பழைய கலியாணப் படமாவது இருந்தால் இன்றே அதற்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்க வேண்டாம். உரித்தால் முகமே கிழிந்து வரும். கண்ணாடியோடு சேர்த்து, யன்னலருகே நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுக்கலாம், கைத்தொலைபேசியும் போதும். வெள்ளத்தில் நனைந்த படங்களைச் சுத்தமான குளிர்ந்த நீரில் அலசி, முகம் மேலே இருக்க நிழலில் உலர விடுங்கள். 2011 கடற்கோளுக்குப் பின் யப்பானில் தொண்டர்கள் சேற்றில் கிடந்த குடும்பப் படங்களை இப்படிக் கழுவி, உரியவர்களிடம் சேர்த்தார்கள். கழுவும் முறையை ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தே அவ்வளவு படங்களையும் காப்பாற்றினார்கள்.

தொழிலாகப் பழக விரும்புவோர் கமரா வாங்குவதில் தொடங்க வேண்டாம். உங்கள் ஊரில் ஏற்கனவே எடுக்கும் ஒரு பெண்ணைத் தேடுங்கள். அவருக்கு லைற் பிடித்துப் பாருங்கள். பாடசாலையில் கற்காமல் அனுபவத்தால் பெற்ற திறமையையும் மதிப்பிட்டுத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு நாட்டில் இருக்கிறது. எந்தெந்தத் தொழில்களுக்கு, எப்படி என்பதைப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

ஏற்கனவே தொழில் தெரிந்த சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முகூர்த்த நாளில் இரண்டாவது வீட்டுக்காரர் உங்களைக் கேட்டு வருவார். அன்று அனுப்புவதற்கு நீங்கள் பழக்கிய ஒருத்தி இருக்கிறாளா?